பழைய எதிரியை மறக்காத உடம்பு, புதியவனிடம் தடுமாறுவது ஏன்? முதுமையும் நோயெதிர்ப்பும்

1846-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், கோபன்ஹேகனிலிருந்து கிளம்பிய ஒரு தச்சர் ஃபாரோ தீவுகளில் வந்து இறங்கினார். வட அட்லாண்டிக் கடலில், டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த சின்னத் தீவுக்கூட்டம் அது. கிளம்புவதற்கு முன்னால் அவர் தட்டம்மை கண்டவர்களைப் போய்ப் பார்த்திருந்தார். அவரோடு நோயும் வந்து இறங்கியது. சுமார் ஆறு மாதத்துக்குள், தீவுகளில் வாழ்ந்த 7,782 பேரில் 6,000 பேர் வரை தட்டம்மையில் படுத்துவிட்டார்கள்.

நிலைமையைக் கவனிக்க அரசு அனுப்பிய மருத்துவர்களில் ஒருவர் பீட்டர் பானும். அப்போது அவருக்கு வயது 25. ஊர் ஊராகப் போய் விசாரித்தவர் ஒரு விஷயத்தைக் கவனமாகக் குறித்துவைத்தார். அந்தத் தீவுகளில் அதற்கு முன்பு தட்டம்மை பரவியது 1781-ல். நடுவில் 65 ஆண்டுகள் அந்த நோயின் சுவடே இல்லை. 1781-ல் சிறுவயதில் நோய் கண்டு பிழைத்தவர்கள் இப்போது தள்ளாத வயதில் இருந்தார்கள். அப்படிப்பட்ட 98 பேரை பானும் நேரிலேயே பார்த்தார். அவர்களில் ஒருவருக்குக்கூட இரண்டாம் முறை நோய் வரவில்லை. அன்று தப்பித்துவிட்ட அதே வயதுக்காரர்களையோ இந்த முறை தட்டம்மை விடவில்லை.

ஒரே தீவு, ஒரே வயது, ஒரே கிருமி. ஒருவர் பேரப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடை செய்கிறார், இன்னொருவர் படுக்கையில் கிடக்கிறார். முதுமையில் நோயெதிர்ப்பு என்னவாகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

"வயசாயிடுச்சு, எதிர்ப்புச் சக்தி குறைஞ்சுபோச்சு" என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பாதிதான் உண்மை. வயதாக ஆக உடம்பின் பாதுகாப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. இளமையில் சந்தித்த கிருமிகளின் நினைவு பெரும்பாலும் அப்படியே தங்கியிருக்கும். புதிதாக வரும் ஒன்றை அடையாளம் கண்டு, கற்றுக்கொண்டு, சண்டைக்குத் தயாராவதுதான் கடினமாகிறது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எதிரியே இல்லாத நாளிலும் உள்ளுக்குள் ஒரு சின்ன நெருப்பு அணையாமல் கனன்றுகொண்டிருக்கிறது. இந்த மாற்றங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான், வயதானவர்களுக்குத் தொற்று ஏன் இவ்வளவு ஆபத்தாகிறது, ஏன் இவ்வளவு சத்தமில்லாமல் வருகிறது என்பது பிடிபடும்.

நினைவின் ஆயுளைப் பற்றி இன்னும் ஒரு சான்று. 1918-ல் உலகத்தையே உலுக்கிய இன்ஃப்ளூயன்சா என்ற ஃப்ளூ காய்ச்சலைச் சிறுவயதில் கடந்து வந்தவர்களை, 2008-ல் வெளியான ஒரு ஆய்வுக்காக அமெரிக்க ஆய்வாளர்கள் தேடிப் பிடித்தார்கள். 32 பேர் கிடைத்தார்கள். வயது 91 முதல் 101 வரை. அத்தனை பேரின் ரத்தத்திலும் 1918-ன் வைரஸை அடையாளம் காணும் எதிர்ப்பொருள், அதாவது கிருமியைப் பற்றிக்கொண்டு முடக்கும் புரதம், இருந்தது. எட்டுப் பேரிடம் இன்னும் நுணுக்கமாகத் தேடியபோது, அந்த எதிர்ப்பொருளைச் சுரக்கும் பி செல்களே ஏழு பேரின் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. கிட்டத்தட்ட 90 ஆண்டுகளாக, எதிரி திரும்பி வருவானா என்று பார்த்துக்கொண்டிருந்த செல்கள் அவை.

இதன் பலன் 2009-ல் கண்கூடாகத் தெரிந்தது. அந்த ஆண்டு பரவிய பன்றிக் காய்ச்சல் வைரஸ், 1918-ன் வைரஸுக்குத் தூரத்து உறவு. அமெரிக்காவில் பரிசோதித்தபோது, 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் அதைத் தாக்கும் எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருந்தது. உலக அளவில் அந்தக் காய்ச்சலால் இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் 65 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் என்று மதிப்பிட்டார்கள். வழக்கமான ஃப்ளூ பருவத்தில் கணக்கு இதற்கு நேர் எதிராக இருக்கும்.

அப்புறம் 2020 வந்தது. கொரோனா வைரஸை அதற்கு முன்பு சந்தித்தவர் யாருமே இல்லை. சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அது புதியது. பழைய நினைவு என்ற ஒரே பலமும் கையில் இல்லாதபோது, வயது மட்டும் தனித்து நின்றது. தடுப்பூசிகள் வருவதற்கு முன்பு, பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஒரு பெரிய ஆய்வு, தொற்று கண்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று வயதுவாரியாகக் கணக்கிட்டது. 25 வயதில் 0.01 சதவீதம். 65 வயதில் 1.4 சதவீதம். 85 வயதில் 15 சதவீதம். முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கும் மேல். இதயநோய், சர்க்கரை நோய் என்று வயதோடு வரும் மற்ற நோய்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் புதிய கிருமியை எதிர்கொள்ளும் திறன்தான் வயதில் முக்கியமாகக் கரைகிறது என்பதை 2009-யும் 2020-யும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும்.

சரி, அந்தத் திறன் எங்கே கரைகிறது?

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. மருத்துவர்களே நெடுங்காலம் இதற்கு வேலை எதுவும் இல்லை என்று நினைத்திருந்தார்கள். 1961-ல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளிடமிருந்து தைமஸை நீக்கிப் பார்த்தார். குட்டிகள் முதலில் நன்றாகத்தான் இருந்தன. சில வாரங்களில் மெலிந்து, தொற்றுகளைத் தாங்க முடியாமல் இறந்துபோயின. நோயெதிர்ப்பின் பள்ளிக்கூடமே அந்தச் சுரப்பிதான் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

பள்ளிக்கூடம் என்று சொல்வது பொருத்தம்தான். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் இளம் செல்கள் தைமஸுக்கு வந்து டி செல்களாகப் பயிற்சி பெறுகின்றன. ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரு தனி ஏற்பி. அது குறிப்பிட்ட சில அடையாளங்களைத்தான் பிடிக்கும். நாளைக்கு எந்தக் கிருமி வரும் என்று உடம்புக்குத் தெரியாது. அதனால் எது வந்தாலும் பிடிக்க ஒருவராவது இருக்கட்டும் என்று கோடிக்கணக்கான வகைகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்கிறது. அங்கே தேர்வும் கடுமை. சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை, எதையுமே அடையாளம் காணத் தெரியாதவை எல்லாம் அங்கேயே அழிக்கப்படுகின்றன. நூற்றில் ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை.

இந்தப் பள்ளி சீக்கிரமே மூடத் தொடங்கிவிடுகிறது. குழந்தைப் பருவத்திலேயே தைமஸ் சுருங்க ஆரம்பிக்கும். நடுவயது வரை ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் என்ற வேகத்தில் அதன் வேலை செய்யும் திசு குறைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. ஐம்பது, அறுபது வயதில் ஒருவரின் தைமஸை வெட்டிப் பார்த்தால் பெரும்பகுதி மஞ்சள் கொழுப்பாகத்தான் இருக்கும். புதிய டி செல்களின் வரத்து அதற்குள் ஓடை மாதிரி மெலிந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் செல்கள் தாங்களே இரண்டாகப் பிரிந்து எண்ணிக்கையைச் சமாளிக்கின்றன. எண்ணிக்கை அப்படியே இருக்கும். வகைகள்தான் குறையும். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதே என்று நிம்மதி அடைவதில் இருக்கும் சிக்கல் இதுதான். அந்த எண், இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காமல் புதிதாய் இருக்கும் செல்கள் எத்தனை என்பதைச் சொல்லாது.

வயது வந்தவர்களுக்குத் தைமஸ் தேவையே இல்லை என்ற எண்ணம் அண்மைக்காலம் வரை இருந்தது. இதய அறுவை சிகிச்சையின்போது வழியில் நிற்கிறது என்று அதை எடுத்துவிடுவதும் உண்டு. 2023-ல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் அப்படி எடுக்கப்பட்டவர்களையும், அதேபோன்ற அறுவை சிகிச்சை செய்துகொண்டும் தைமஸை இழக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் முதல் குழுவில் 8.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், இரண்டாவதில் 2.8 சதவீதம். புற்றுநோய் வந்தவர்களும் முதல் குழுவில் இரண்டு மடங்கு. சுருங்கி, கொழுப்பேறி, ஒன்றுக்கும் ஆகாது என்று நினைத்த சுரப்பி கடைசிவரை ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் சுண்டெலியிடம் கற்ற பாடத்தை மனிதரிடம் இவ்வளவு தாமதமாகச் சரிபார்த்தோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

புதிய செல்களுக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் நெருக்கடி வருகிறது. சைட்டோமெகாலோ வைரஸ் என்று ஒன்று உண்டு. உலகில் பெரும்பாலான மனிதர்களின் உடம்பில் அது வாழ்நாள் முழுக்கக் குடியிருக்கிறது. எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆனால் அது அவ்வப்போது தலைதூக்கும், நோயெதிர்ப்பு அதை அமுக்கும். பல பத்தாண்டுகள் இப்படியே போகும்போது, அந்த ஒரு வைரஸைக் காவல் காக்கவே, பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. சில முதியவர்களிடம் இன்னும் அதிகம்.

நினைவு அழியாது என்று மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம் உண்டு. நினைவில் இரண்டு பகுதி இருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள் ஒன்று, டி செல்கள் இன்னொன்று. முதலாவது நீடித்து நிற்கும். இரண்டாவது சில கிருமிகளைப் பொறுத்தவரை தளர்ந்துபோகும். அந்தத் தளர்ச்சியை நாம் வெறுங்கண்ணாலேயே பார்க்கக்கூடிய நோய் ஒன்று இருக்கிறது. அக்கி.

சிறுவயதில் சின்னம்மை வந்து போனவரின் உடம்பிலிருந்து அந்த வைரஸ் வெளியேறுவதே இல்லை. தண்டுவடத்தை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குள் போய் ஒடுங்கிவிடும். டி செல்கள் வெளியே காவல் நிற்கும்வரை அது வாய் திறக்காது. ஐம்பதைத் தாண்டியபின் காவல் தளர்கிறது. ஒரு நாள் முதுகிலோ நெஞ்சிலோ ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சல். துணி பட்டாலே சுரீர் என்கிறது. இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் பட்டை மாதிரி கொப்புளங்கள் கிளம்புகின்றன. பட்டை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாது, ஏனென்றால் வைரஸ் ஒரே ஒரு நரம்பின் வழியாகத்தான் இறங்கி வருகிறது. கொப்புளம் காய்ந்த பிறகும் சிலருக்கு அந்த வலி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிற்கும். வயது ஏற ஏற இந்த வாய்ப்பும் ஏறும். வாழ்நாளில் மூன்றில் ஒருவருக்கு அக்கி வருகிறது. இவர்களின் ரத்தத்தைச் சோதித்தால் சின்னம்மைக்கான எதிர்ப்பொருள் தாராளமாகவே இருக்கும். ஆனாலும் நோய் வரும். குறைந்துபோனது டி செல்களின் காவல்தான்.

அக்கியும் சின்னம்மையும் ஒரே வைரஸின் இரண்டு முகங்கள், தூங்கிக் கிடந்தது விழித்துக்கொள்வதே அக்கி என்ற விளக்கத்தை 1965-ல் கோவையாக முன்வைத்தவர் எட்கர் ஹோப் சிம்ப்சன் என்ற இங்கிலாந்துக் குடும்ப மருத்துவர். பெரிய ஆய்வகம் எதுவும் இல்லை. தன்னிடம் வந்த நோயாளிகளின் குறிப்பேடுகளை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகத் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். தூங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி முதுமையில் எழுந்துகொள்வதும் ஏறக்குறைய இதே கதை.

இதுவரை சொன்னதெல்லாம் கற்றுக்கொள்ளும் செல்களைப் பற்றியது. கிருமி உள்ளே நுழைந்த முதல் சில மணி நேரத்தில் வேலை செய்கிற முன்வரிசையும் வயதாகிறது. தோல் மெலிகிறது. மூச்சுக்குழாயிலிருந்து சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் மெதுவாகின்றன. இருமல் பலமிழக்கிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள்தான் காயத்துக்கும் தொற்றுக்கும் முதலில் ஓடி வருபவை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் இளைஞர்களின் நியூட்ரோஃபில்கள் கிருமி இருக்கும் திசையில் நேராகப் போகின்றன. முதியவர்களின் செல்களும் நகரத்தான் செய்கின்றன, ஆனால் வழி தவறி அங்கும் இங்கும் அலைகின்றன. திசுக்களுக்குள் வழி வெட்ட அவை கையில் வைத்திருக்கும் நொதிகள், அப்படி அலையும் பாதையெல்லாம் நல்ல திசுவையும் அரித்துவிடுகின்றன. நிமோனியா கண்ட முதியவரின் நுரையீரலில் சேதம் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைரஸ் நுழைந்ததும் பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துவது இன்டர்ஃபெரான் என்ற புரதம். வயதானவர்களிடம் இது தாமதமாகச் சுரக்கிறது. சிலரிடம் அதைவிட மோசம். இன்டர்ஃபெரானையே எதிரியாக நினைத்து முடக்கும் எதிர்ப்பொருள்கள் அவர்கள் ரத்தத்தில் இருக்கின்றன. 2021-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், 70 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இவை தென்பட்டன. கொரோனாவால் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் இருந்தன. எச்சரிக்கை மணியின் கயிற்றையே அறுத்துவிடுகிற இந்த எதிர்ப்பொருள்கள், வைரஸ் வந்து சேர்வதற்கு முன்பே அந்த உடம்புகளில் இருந்தவை.

இனி அந்த அணையாத நெருப்பு. 2000-ல் இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி இதற்கு ஒரு பெயர் வைத்தார். முதுமை, அழற்சி என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்த பெயர் அது. நாம் முதுமை அழற்சி என்று சொல்லிக்கொள்ளலாம். அழற்சி என்பது கிருமி நுழைந்தால் உடம்பு மூட்டுகிற தீ. சிவக்கும், வீங்கும், சுடும், வேலை முடிந்ததும் அடங்கும். முதுமையில் அது முழுசாக அடங்குவதில்லை. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே மிதக்கின்றன.

எரிபொருள் பல இடங்களிலிருந்து வருகிறது. 1961-ல் லெனார்ட் ஹேஃப்ளிக், மனிதச் செல்கள் ஐம்பது முறை அளவுக்குப் பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று காட்டினார். பிரிவதை நிறுத்திய அந்தச் செல்களில் பல சாவதில்லை. திசுக்களில் தங்கி, அழற்சிப் பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. இளமையில் அவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேலை. அது தளர்ந்தால் குப்பை சேரும், குப்பை சேர்ந்தால் அழற்சி ஏறும், அழற்சி ஏறினால் அது இன்னும் தளரும். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பும், ஈறு நோயும் தங்கள் பங்குக்கு விறகு போடுகின்றன. எலும்பு மஜ்ஜையிலும் ஒரு மாற்றம் நடக்கிறது. ரத்தத்தை உண்டாக்கும் தாய்ச்செல்களில் ஒன்றுக்கு மரபணு மாற்றம் ஏற்பட்டு, அதன் வாரிசுகளே ரத்தத்தில் பெருகிவிடுவதுண்டு. எழுபதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இப்படி இருக்கிறது என்று 2014-ல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இந்த வாரிசுச் செல்கள் அழற்சியைக் கூட்டுபவை. மாரடைப்பு வாய்ப்பையும் அவை கூட்டுகின்றன.

எப்போதும் கொஞ்சம் கூச்சல் இருக்கும் இடத்தில் யாராவது உதவி கேட்டுக் கத்தினால் காதில் விழாது இல்லையா, அதுதான் இங்கேயும் நடக்கிறது. நிஜமான கிருமி வரும்போது அழைப்பு செல்களை எட்டத் தாமதமாகிறது. எட்டியபின் நிறுத்தவும் தெரிவதில்லை. பலவீனமான தொடக்கம், கட்டுக்கடங்காத முடிவு. கொரோனாவின் இரண்டாவது வாரத்தில் பல முதியவர்கள் திடீரென்று மோசமானதில் இந்த இரண்டும் சேர்ந்திருந்தன.

இதற்கெல்லாம் நம்மிடம் இருக்கும் பதில் என்ன? என் கணிப்பில், கையில் இருப்பதில் மிகச் சிறந்தது முதியவர்களுக்கென்றே செய்யப்பட்ட தடுப்பூசிகள். இளைஞர்களுக்கான அதே ஊசி முதியவர்களுக்கு அரைகுறையாகத்தான் வேலை செய்யும், ஏனென்றால் தடுப்பூசி என்பதே புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுப்பது. கற்கும் திறன் குறைந்தவருக்குப் பாடத்தை உரக்கச் சொல்ல வேண்டும். ஃப்ளூ ஊசியில் அதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு ஃப்ளூ வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் என்று இருந்த மருந்தளவை 60 ஆக்கினார்கள். 65 வயதைத் தாண்டிய சுமார் 32,000 பேரிடம் சோதித்து 2014-ல் வெளியிட்ட முடிவில், வழக்கமான ஊசியைவிட இது ஃப்ளூவை 24 சதவீதம் கூடுதலாகத் தடுத்தது.

அக்கி ஊசியின் கதை இன்னும் தெம்பூட்டுகிறது. 2006-ல் வந்த முதல் ஊசி, வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். எழுபதைத் தாண்டியவர்களிடம் அது 38 சதவீதம்தான் பாதுகாத்தது. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடம்தான் அது தோற்றது. 2017-ல் வந்த அடுத்த ஊசியில் உயிருள்ள வைரஸே இல்லை. வைரஸின் ஒரே ஒரு புரதம், கூடவே நோயெதிர்ப்பைத் தட்டியெழுப்பும் ஒரு ஊக்கி. அந்த ஊக்கியில் ஒரு பகுதி சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. எழுபதைத் தாண்டியவர்களிடமும் பாதுகாப்பு 90 சதவீதத்தைத் தொட்டது. ஊசி போட்ட கை ஓரிரு நாள் நன்றாக வலிக்கும், சிலருக்குக் காய்ச்சலும் வரும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். வயதான நோயெதிர்ப்பு மண்டலத்தால் கற்கவே முடியாது என்ற எண்ணத்தை இந்த ஒரு ஊசி பொய்யாக்கிவிட்டது. சரியாகச் சொல்லிக்கொடுத்தால் அது கற்கிறது.

பழைய அக்கி ஊசியிலிருந்தும் எதிர்பாராத ஒரு செய்தி கிடைத்தது. வேல்ஸில் 2013 செப்டம்பரில் அதை இலவசமாகப் போடத் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் என்று ஒரு கோடு போட்டார்கள். ஒரு வாரம் முன்பு பிறந்தவருக்குக் கிடையாது, ஒரு வாரம் பின்பு பிறந்தவருக்கு உண்டு. கோட்டின் இரண்டு பக்கமும் நின்றவர்களை ஏழு ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டபோது, ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்திருந்தது. 2025-ல் இது வெளியானது. வைரஸ் அடங்கியதாலா, ஊசி நோயெதிர்ப்பை வேறு வகையில் சீர்செய்ததாலா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நிமோனியாவின் முக்கியக் காரணமான நியூமோகாக்கஸ் கிருமிக்கு ஊசி இருக்கிறது. ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸுக்கு 2023-ல் முதியவர்களுக்கான முதல் ஊசிகள் வந்தன. இவற்றையும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

தாத்தா பாட்டியைக் காப்பாற்ற அவர்களுக்கேதான் ஊசி போட வேண்டும் என்பதுகூட இல்லை. ஜப்பானில் 1960-களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள். 1990-களில் அந்தத் திட்டம் நின்றது. பின்னாளில் இறப்புக் கணக்குகளைப் புரட்டிய ஆய்வாளர்கள், திட்டம் நடந்த காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள் தவிர்க்கப்பட்டன என்று 2001-ல் மதிப்பிட்டார்கள். காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். வீட்டுக்குக் கிருமியைக் கொண்டுவருகிற கால்கள் பெரும்பாலும் சின்னக் கால்கள்.

மருந்தால் நோயெதிர்ப்பின் வயதையே குறைக்கும் முயற்சியும் நடந்தது. எவரோலிமஸ் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தபோது ஃப்ளூ ஊசிக்கு முதியவர்களின் உடம்பு காட்டும் எதிர்வினை சுமார் 20 சதவீதம் கூடியதாக 2014-ல் ஒரு ஆய்வு சொன்னது. அதே வழியில் செய்த இன்னொரு மருந்து 2019-ல் பெரிய சோதனையில் தோற்றுவிட்டது. அதனால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று டப்பாவில் எழுதி விற்கும் எதையும் நம்பிப் பணத்தைப் போட வேண்டாம் என்பேன். நடையும் உடற்பயிற்சியும் அப்படியில்லை. 55 முதல் 79 வயது வரையிலான, பல ஆண்டுகளாக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டிவந்த 125 பேரை இங்கிலாந்தில் பரிசோதித்தார்கள். 2018-ல் வந்த முடிவின்படி, அவர்கள் தைமஸிலிருந்து புதிய டி செல்கள் வரும் அளவு ஏறக்குறைய இளைஞர்களுடையதைப் போலவே இருந்தது. எல்லோரும் அவ்வளவு தூரம் ஓட்ட முடியாதுதான். ஆனால் தசை அசைந்தால் தைமஸுக்கும் நல்லது என்று தெரிகிறது.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. முதியவரின் தொற்று, நமக்குப் பழக்கமான முகத்தோடு வருவதில்லை.

காய்ச்சல், இருமல், வலி இவையெல்லாம் கிருமி செய்வதல்ல. பெரும்பாலும் நம் நோயெதிர்ப்பு செய்பவை. அது மந்தமானால் இவையும் மந்தமாகும். தீவிரமான தொற்று இருக்கும் முதியவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குக் காய்ச்சல் வருவதே இல்லை, அல்லது பெயரளவுக்கு வரும். நிமோனியா முற்றிய ஒருவரின் முதல் அறிகுறி, நேற்றுவரை தானாக எழுந்து நடந்தவர் இன்று குளியலறையில் விழுந்ததாக இருக்கலாம். இரண்டு வேளை சாப்பாடு வேண்டாம் என்று ஒதுக்கியதாக இருக்கலாம். மகளைப் பார்த்து, செத்துப்போன அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக இருக்கலாம். இந்தத் திடீர் மனக்குழப்பத்தை மருத்துவர்கள் டெலிரியம் என்கிறார்கள். கத்தி ஆர்ப்பாட்டம் செய்பவரை உடனே கவனித்துவிடுவோம். பேசாமல் சுருண்டு படுத்து, கூப்பிட்டால் மட்டும் கண்ணைத் திறப்பவரை, பாவம் அசதியில் தூங்குகிறார் என்று விட்டுவிடுவோம். இரண்டாமவர்தான் அதிக ஆபத்தில் இருப்பவர். மறதி நோய் மாதக்கணக்கில் மெதுவாக வரும். டெலிரியம் ஒரு நாளில், ஒரே இரவில் வரும். அந்த வேகம்தான் அடையாளம்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. குழப்பம் என்றதும் சிறுநீரைச் சோதித்து, கிருமி தெரிந்ததும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுவது. முதியோர் இல்லங்களில் வாழும் பெண்களில் கால்வாசி முதல் பாதிப் பேர் வரை, எந்த நோயும் இல்லாமலேயே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். அதைக் குற்றவாளியாக்கிவிட்டால், நுரையீரலில் இருக்கும் நிஜக் காரணம் கண்ணில் படாமலே போய்விடும். எரிச்சல், அடிக்கடி போவது போன்ற தொந்தரவு ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று கேட்டபிறகே முடிவுக்கு வர வேண்டும்.

வயதாக ஆக உடம்பின் வழக்கமான சூடும் இறங்குகிறது. 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது எல்லோருக்குமான எண் அல்ல. வழக்கமாக 96.8 இருப்பவருக்கு 99 என்றால் தெர்மாமீட்டர் காய்ச்சல் என்று சொல்லாது. ஆனால் அவருடைய வழக்கத்தைவிட இரண்டு டிகிரிக்கு மேல் ஏறியிருக்கிறது. முதியோர் இல்லவாசிகளுக்கான மருத்துவ வழிகாட்டுதல்கள் இதைக் காய்ச்சலாகவே எண்ணச் சொல்கின்றன. வழக்கமான எண் என்னவென்று தெரியாத வீட்டில் இந்த இரண்டு டிகிரி யார் கண்ணிலும் படாது. அதனால் அப்பாவோ அம்மாவோ நன்றாக இருக்கிற ஒரு வாரத்தில், காலையும் மாலையும் சூட்டை அளந்து, தேதி போட்டு, மாத்திரை டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவையுங்கள். நள்ளிரவில் டாக்டருக்கு போன் செய்யும்போது அவர் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.